வானக்கோள வளையங்கள்: எந்த வட்டத்தை எதோடு ஒட்டுவது?

வானக்கோளத்தின், அதாவது நம்மைச் சுற்றி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும் வானப் பந்தின், கோடுகளைப் படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே பந்தின் மேல் வரைந்தவை போலத் தெரியும். அடிவானம், உச்சிநெடுவரை, வான நடுவரை, சூரிய வீதி எல்லாம் ஒரே மையில், ஒரே தடிமனில் இருக்கும். ஆனால் அவற்றை வளையங்களாகச் செய்ய உட்கார்ந்தால் முதல் கேள்வியே வேறு: எந்த வளையத்தை எதோடு சேர்த்து ஒட்டுவது? எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிட்டால் வானம் சுழலாது. எதையும் ஒட்டாவிட்டால் எதுவும் நிற்காது.

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தாலே வேலையில் பாதி முடிந்த மாதிரி. அதனால் பலகையை அறுப்பதற்கு முன் ஒரு தாளில் இரண்டு கூட்டமாகப் பிரித்து எழுதிக்கொண்டேன்.

முதல் கூட்டம் பார்ப்பவருடையது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள அடிவானம் ஒன்று. வடக்குப் புள்ளியில் தொடங்கித் தலைக்கு நேர் மேலே உச்சிப்புள்ளியைத் தொட்டுத் தெற்கில் இறங்கும் உச்சிநெடுவரை மற்றொன்று. நட்சத்திரங்கள் இவற்றைக் கடந்து போகும், இவை அசையாது. இன்னொரு ஊருக்குப் போனால் இவையும் நம்மோடு வந்துவிடும்.

இரண்டாவது கூட்டம் நட்சத்திரங்களோடு சேர்ந்தது. பூமியின் நிலநடுவரையை வானம் வரை நீட்டினால் கிடைக்கும் வான நடுவரை, ஓர் ஆண்டில் சூரியன் நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்வதாகத் தோன்றும் சூரிய வீதி, பூமியின் அச்சை நீட்டினால் வானத்தைத் தொடும் இரண்டு வான முனைகளையும் இணைக்கும் மணி வட்டங்கள். இவை எல்லாம் ஒன்றாக 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் ஒரு சுற்று சுற்றும்.

ஆக, வெளியே ஒரு நிலையான சட்டம், உள்ளே சுழலும் ஒரு கூண்டு. இரண்டையும் இணைப்பது ஓர் அச்சு மட்டுமே.

அளவு

ஆரத்திலிருந்து தொடங்காமல் சுற்றளவிலிருந்து தொடங்கினேன். சுற்றளவு 720 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு பாகைக்குச் சரியாக 2 மி.மீ. வருகிறது. சாதாரண ஸ்டீல் ஸ்கேலே கோணமானி ஆகிவிடும். வான நடுவரையில் ஒரு மணி என்பது 15 பாகை, அதாவது 30 மி.மீ. சூரியன் ஒரு நாளில் நகர்வது 0.986 பாகை, ஏறக்குறைய 2 மி.மீ. இப்படிக் கணக்கு சுலபமாக இருந்தால் பிற்பாடு ஒவ்வொரு சோதனைக்கும் கால்குலேட்டரைத் தேட வேண்டியதில்லை. இதற்கான ஆரம் 114.6 மி.மீ.

இதே மாதிரியை வேறு அளவில் செய்ய நினைப்பவர்களுக்கும் இந்த வழியைத்தான் சொல்வேன். பாகைக்கு 1 மி.மீ. வைத்தால் ஆரம் 57.3, கைக்கு அடக்கம், ஆனால் குறிகள் நெருங்கிவிடும். 3 மி.மீ. வைத்தால் ஆரம் 171.9, பார்க்க அழகு, ஆனால் மெல்லிய வளையங்கள் தொய்ந்துவிடும். வீட்டு மேஜைக்கு 2 மி.மீ. தான் சரியான நடு அளவு.

சுழலும் கூண்டு

கூண்டின் எலும்பு இரண்டு தட்டை வளையங்கள். 3 மி.மீ. பிளைவுட்டில், வெளி ஆரம் 114.6, அகலம் 12 மி.மீ. இரண்டும் வான முனைகளில் செங்கோணத்தில் குறுக்கிடும். ஒன்று சூரிய வீதி வான நடுவரையை வெட்டும் சம இரவுப் புள்ளிகள் வழியாகப் போவது, அதைச் சம இரவு வளையம் என்று குறித்துக்கொண்டேன். மற்றது சூரியன் வடகோடியிலும் தென்கோடியிலும் திரும்பும் புள்ளிகள் வழியாகப் போவது, அது திருப்ப வளையம். வல ஏற்றம் என்பது மார்ச் சம இரவுப் புள்ளியிலிருந்து வான நடுவரை வழியாகக் கிழக்கே மணிக்கணக்கில் எண்ணும் அளவு. அதில் சொன்னால் முதல் வளையம் 0 மணியும் 12 மணியும், இரண்டாவது 6 மணியும் 18 மணியும்.

முனைகளில் ஒவ்வொரு வளையத்திலும் பாதி அகலம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். ஒன்றில் வெளிப்புறத்திலிருந்து 6 மி.மீ., மற்றதில் உட்புறத்திலிருந்து 6 மி.மீ. இங்கே கவனிக்க வேண்டியது அச்சு. அச்சுக்கு 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக் கம்பி எடுத்தேன். 3 மி.மீ. பலகை இரண்டு குறுக்கிடும் இடத்தின் நடுவில் 2 மி.மீ. துளை போட்டால் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் மரம்தான் மிஞ்சும், அது கை பட்டாலே உடையும். அதனால் ஒவ்வொரு முனையிலும் உள்ளும் புறமும் 25 மி.மீ. விட்டமுள்ள சிறு வட்டத் தகடு வைத்து எபாக்ஸி பசையால் ஒட்டிவிட்டு, பசை இறுகிய பிறகு துளை போட்டேன். சுமையைத் தகடுகள் தாங்கிக்கொள்கின்றன, குறுக்கிணைப்புக்குப் பளு இல்லை.

அடுத்தது வான நடுவரை. இதற்கும் சூரிய வீதிக்கும் தட்டை வளையம் சரிப்படாது, பட்டை வளையம்தான் வேண்டும், ஏனென்றால் இவற்றின் வெளி முகத்தில்தான் அளவு படிக்கப் போகிறோம். 1 மி.மீ. தடிமனும் 8 மி.மீ. அகலமும் உள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை எடுத்தேன். வளைத்த பட்டையின் வெளி முகம் நீளும், உள் முகம் சுருங்கும், நடுப்பகுதி மட்டுமே நீளம் மாறாமல் இருக்கும். வெளிச் சுற்றளவு 720 வேண்டுமென்றால் வெட்ட வேண்டிய நீளம் 717 மி.மீ. தான். இதே காரணத்தால் பட்டை தட்டையாக இருக்கும்போதே கோடு போடக் கூடாது. வளையமாக ஒட்டிய பின், 720 மி.மீ. காகித நாடாவில் குறிகளை வரைந்து அதை வெளியே சுற்றிப் பிடித்து, மார்க்கர் பேனாவால் பட்டைக்கு மாற்றினேன். முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நேருக்கு நேர் முட்ட வேண்டும், உள்பக்கம் ஒரு சிறு ஒட்டுத்துண்டு போதும்.

சரி, இப்போது இந்த வேலையிலேயே சுவையான இடத்துக்கு வந்துவிட்டோம்.

சூரிய வீதி வான நடுவரையை இரண்டு இடங்களில் வெட்ட வேண்டும், 23.44 பாகை சாய்வில். இரண்டும் ஒரே ஆரமுள்ள பட்டைகள். ஒரே இடத்தில் இரண்டு பட்டைகள் இருக்க முடியாது. செங்கோணத்தில் குறுக்கிட்டால் 8 மி.மீ. சதுரம் மட்டுமே மோதும், வெட்டிச் செருகிவிடலாம். ஆனால் இவ்வளவு சிறிய கோணத்தில் குறுக்கிடும் இரண்டு 8 மி.மீ. பட்டைகள் 39 மி.மீ. நீளத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்கின்றன. அவ்வளவு நீளத்துக்குப் பாதிப் பாதியாக வெட்டினால் இரண்டும் நூலாகிவிடும்.

வழி எளியது. சூரிய வீதியை 1 மி.மீ. சிறிய ஆரத்தில், 113.6-ல் செய்துவிடுவது. அது நடுவரையின் உள்முகத்தை ஒட்டினாற்போல் வழுக்கிக்கொண்டு போகும், 39 மி.மீ. மேற்பொருத்தம் முழுவதும் பசைக்கு இடமாகிவிடும். கூண்டிலேயே மிக உறுதியான இணைப்பு இப்போது அதுதான்.

அளவு தப்பாகிவிடாதா என்றால், ஆகாது. வானக்கோளத்துக்கு ஆரம் என்று ஒன்று கிடையாது. பக்கத்து நட்சத்திரமும் தொலைவு நட்சத்திரமும் ஒரே பந்தில் ஒட்டியிருப்பதாக நாம் வைத்துக்கொள்கிறோம், அவ்வளவே. மையத்திலிருந்து பார்க்கும்போது எந்தத் திசை என்பது மட்டும்தான் அங்கே அளவு. ஒரு வட்டம் பெருவட்டமாக இருக்க வேண்டிய தகுதி அதன் தளம் மையத்தின் வழியாகப் போக வேண்டும் என்பது ஒன்றே. ஆரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் ஒரு முழம் குறைந்தாலும் மையம் ஒன்றாக இருக்கும்வரை அது அதே கோடுதான். இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கே இடிக்கிறதோ அங்கே ஆரத்தை மாற்ற எனக்குத் தயக்கமே இல்லை. மாற்றக் கூடாதது மையமும் கோணமும் மட்டுமே.

ஒரே ஒரு கூடுதல் வேலை: இந்தப் பட்டையில் பாகைக்கு 2 மி.மீ. இல்லை, 1.983 மி.மீ. அதனால் அதே அளவு நாடாவை 99.1% அளவில் அச்சிட்டுக்கொண்டேன். வெட்ட வேண்டிய நீளம் 710.5 மி.மீ. நடுவரைக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் எடுத்ததற்கும் இதுதான் காரணம். சம இரவுப் புள்ளியைச் சுற்றிச் சூரிய வீதியின் குறிகள் நடுவரைக்குப் பின்னால் போய்விடும், ஆனாலும் படிக்க முடிய வேண்டும். பழைய உலோகக் கருவிகளில் ராசி மண்டலத்தை அகலமான பட்டையாகவே செய்திருப்பார்கள், கிரகங்கள் உலவும் இடம் முழுவதும் அதில் அடங்க வேண்டும் என்பதற்காக. என் அளவில் 16 பாகை அகலம் என்றால் 32 மி.மீ. வரும், அது பாதிக் கூண்டை மூடிவிடும். கோடு தெளிவாகத் தெரிவதுதான் எனக்கு முக்கியம், 8 மி.மீ. போதும்.

எலும்பு வளையங்களில் பட்டைகள் உட்கார வெளி விளிம்பில் பள்ளம் வெட்ட வேண்டும். நடுவரைக்கு நான்கு இடத்திலும் 1 மி.மீ. ஆழம், 8 மி.மீ. அகலம். சூரிய வீதிக்கு 2 மி.மீ. ஆழம். திருப்ப வளையத்தில் 6 மணிப் பக்கம் நடுவரைக்கு வடக்கே, 18 மணிப் பக்கம் தெற்கே, விளிம்பு வழியாக அளந்தால் 46.9 மி.மீ. தள்ளி. சம இரவு வளையத்தில் இரண்டு பட்டைகளும் ஒரே இடத்தில் வருவதால் ஒரு பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம்.

இங்கே அரம் பிடித்துத் தேய்க்கும்போது ஒரு வேறுபாடு கையிலேயே தெரிகிறது. திருப்ப வளையத்தில் சூரிய வீதியின் பள்ளம் சதுரமாக, 8 மி.மீ. அகலத்தில், நேராக இருக்கிறது. சம இரவு வளையத்தில் அதே பட்டைக்குச் சாய்வான பள்ளம், 10 மி.மீ. அகலம் தேவைப்படுகிறது. திருப்பப் புள்ளியில் சூரிய வீதி நடுவரைக்கு இணையாக ஓடுகிறது, சம இரவுப் புள்ளியில் முழுச் சாய்வோடு ஏறுகிறது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு: சம இரவுப் புள்ளியிலிருந்து 10 பாகை நகர்ந்தால், அதாவது சுமார் பத்து நாளில், சூரியன் நடுவரையிலிருந்து 8 மி.மீ. விலகிவிடுகிறது. திருப்பப் புள்ளியிலிருந்து அதே 10 பாகை நகர்ந்தால் முக்கால் மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. மார்ச், செப்டம்பரில் சூரியன் உதிக்கும் இடம் நாளுக்கு நாள் வேகமாக நகர்வதும், ஜூன், டிசம்பரில் ஒரே இடத்தில் நின்றுவிட்டது போல் இருப்பதும் இந்த இரண்டு பள்ளங்களின் வேறுபாடுதான்.

சூரியன் எட்டும் வடகோடியையும் தென்கோடியையும் குறிக்கும் கடக வரை, மகர வரை இரண்டையும் செப்புக் கம்பியில் செய்தேன். இவை பெருவட்டங்கள் அல்ல, தளம் மையத்தைத் தொடாது. ஆரம் 105.1 மி.மீ., நடுவரைத் தளத்திலிருந்து 45.6 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று. கடக வரை சூரிய வீதியை 6 மணியில் மட்டும் தொட்டு விலக வேண்டும், எங்கேயும் வெட்டக் கூடாது. அப்படித் தொட்டால் சாய்வு சரி.

மையம் சரியா என்று பார்ப்பது

கோணத்தைவிட மையம்தான் கடினம். அதற்கு இரண்டு சோதனைகள் வைத்துக்கொண்டேன்.

ஒன்று கண் சோதனை. ஸ்போக் கம்பியின் சரியான நடுவில் 12 மி.மீ. மரமணி ஒன்றைப் பூமியாகக் கோத்து ஒட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வளையத்தின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒன்றாகி ஒரே நேர்கோடாகத் தெரியும் வரை தலையை நகர்த்த வேண்டும். அந்தக் கோடு மணியைச் சரிபாதியாக வெட்டினால் அது பெருவட்டம். மணிக்கு மேலேயோ கீழேயோ போனால் வளையம் நகர்ந்திருக்கிறது. நான்கு திசையிலிருந்தும் பார்த்து, பசை இறுகும் முன் சரிசெய்துவிட வேண்டும்.

இரண்டாவது எடைச் சோதனை. கூண்டை அச்சில் கோத்து, அச்சைக் கிடையாகப் பிடித்து மெல்லச் சுழற்றிவிட வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். சாய்ந்திருக்கும் சூரிய வீதி கூண்டை ஒருபக்கம் இழுக்கும் என்று தோன்றலாம். இழுக்காது. மையத்தைச் சுற்றி அமைந்த முழு வளையம் எந்தச் சாய்வில் இருந்தாலும் அதன் எடை மையத்திலேயே நிற்கும். ஆகவே ஒருபக்கக் கனம் இருந்தால் ஏதோ ஒரு வளையத்தின் மையம் தவறியிருக்கிறது, அல்லது ஒட்டுத்துண்டு காரணம். அதனால் நடுவரைப் பட்டையின் ஒட்டை 0 மணியிலும் சூரிய வீதியின் ஒட்டை அதற்கு நேர் எதிரே 12 மணியிலும் வைத்தேன். ஆரியபட்டர் தம் மரக்கோளத்தைப் பற்றிச் சொல்லும்போது அது வட்டமாக, இலேசாக, எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்கிறார். பாதரசம், எண்ணெய், நீர் இவற்றைக் கொண்டு காலத்தோடு சேர்ந்து சுழல வைக்க வேண்டிய கோளம் அது. ஒரே கனம் என்ற நிபந்தனையின் அருமை, கூண்டைக் கையில் பிடித்துச் சுழற்றும்போது நன்றாகவே விளங்குகிறது.

வெளிச் சட்டம்

இதில் சிக்கல் குறைவு. உச்சிநெடுவரை வளையம் உள் ஆரம் 122, வெளி ஆரம் 142. இரண்டு 3 மி.மீ. பலகைகளை ஒட்டிச் செய்தது. ஒட்டுவதற்கு முன் இரண்டின் உள்முகத்திலும் அச்சுக்கான சிறு காடி இழுத்துவிட்டால், விளிம்பு வழியாகத் துளையிட்டுப் பிளைவுட்டைப் பிளக்கும் அபாயம் இல்லை. ஸ்போக் கம்பி இந்த வளையத்தில் இறுக்கமாக ஒட்டப்பட்டது, கூண்டுதான் கம்பியைச் சுற்றிச் சுழல்கிறது. பூமி நிற்கிறது, வானம் சுழல்கிறது. நாம் பார்ப்பதும் அப்படித்தானே. கம்பி 290 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும், வளைந்த தலையை வெட்டிவிடலாம்.

அடிவான வளையம் கிடையாக, நான்கு கால்களின் மேல். உள் ஆரம் 122, வெளி ஆரம் 160. வடக்கிலும் தெற்கிலும் உச்சிநெடுவரை வளையம் நழுவிச் சுழல 6.3 மி.மீ. அகலத்தில் வெட்டு. அடிப்பலகையில் ஒரு தாங்கி, அதன் பள்ளத்தில் வளையம் உட்காரும். ஒன்றே ஒன்று: அடிவானம் என்பது இந்தப் பலகையின் மேல் முகம், பலகையின் நடு அல்ல. மேல் முகம் பூமி மணியின் மையத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கும்படி தாங்கியின் உயரத்தைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

உச்சிநெடுவரை வளையத்தைச் சாய்த்தால் வட வான முனை அடிவானத்திலிருந்து மேலேறும், இறங்கும். முனை எத்தனை பாகை உயரமோ அதுவே நம் அட்சரேகை. துருவ நட்சத்திரம் முனையிலிருந்து முக்கால் பாகைக்குள் இருப்பதால், அதன் உயரத்தை அளந்தவர்கள் கடலில் தம் அட்சரேகையை அறிந்தார்கள். மாதிரியில் இது வளையத்தை நழுவவிடும் ஓர் அசைவு மட்டுமே.

அப்புறம் ஓட்டிப் பார்த்தது

முதலில் எந்த அட்சரேகையில் வைத்தாலும் மாறாத ஒன்றைப் பார்த்தேன். இரண்டு பெருவட்டங்கள் எப்போதும் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும். அதனால் வான நடுவரை எந்தச் சாய்விலும் அடிவானத்தைச் சரியாகக் கிழக்குப் புள்ளியிலும் மேற்குப் புள்ளியிலும்தான் வெட்டுகிறது. கூண்டை எப்படித் திருப்பினாலும் அந்த இரண்டு இடம் நகராது. சூரிய வீதியும் அப்படியே, எந்த நொடியிலும் அதன் 180 பாகை அடிவானத்துக்கு மேலே, 180 பாகை கீழே. வெட்டும் இடங்கள் மட்டும் கிழக்குப் புள்ளியின் இருபுறமும் ஊசலாடுகின்றன.

வீதி எப்போதும் பாதி மேலே என்றால் பகலும் எப்போதும் 12 மணி நேரம்தானே இருக்க வேண்டும்? பலர் தடுமாறும் இடம் இது, கூண்டைச் சுழற்றினால் விடை கண்ணெதிரே கிடைக்கிறது. ஒரு நாளில் சூரியன் சூரிய வீதியின் வழியாக ஓடுவதில்லை. வீதியில் அன்றைக்கு எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அந்தப் புள்ளி கூண்டோடு சேர்ந்து சுழல்கிறது. அது வரையும் வட்டம் நடுவரைக்கு இணையான சிறுவட்டம். சிறுவட்டத்தை அடிவானம் பாதியாக வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. சூரியனாக ஒரு சிறு மணியை வீதியின் 6 மணிப் புள்ளியில் செருகி, அதாவது ஜூன் 21 வாக்கில், அட்சரேகையை 50 பாகை வடக்கில் வைத்து உதயத்திலிருந்து மறைவு வரை நடுவரை எவ்வளவு நகர்ந்தது என்று படித்தால் 16 மணிக்குச் சற்று மேல். கணக்குப்படி 16 மணி 9 நிமிடம். அட்சரேகையை 10 பாகைக்கு இறக்கினால் 12 மணி 35 நிமிடம்தான். காற்று மண்டலம் ஒளியை வளைப்பதாலும் சூரியனுக்கு அகலம் உண்டு என்பதாலும் உண்மைப் பகல் இன்னும் சில நிமிடம் நீளும், அது இந்த வளையங்களின் வேலை அல்ல.

நான் மிகவும் எதிர்பார்த்தது 66.56 பாகை அட்சரேகையை. வடதுருவ வட்டம் அது. அங்கே வைத்துக் கூண்டைச் சுழற்றினால், வல ஏற்றம் 18 மணி தெற்கு உச்சிநெடுவரைக்கு வரும் கணத்தில், சூரிய வீதி முழுவதும் அடிவானத்தோடு ஒன்றாகப் படுத்துவிடுகிறது. ஏனென்றால் சூரிய வீதியின் முனை, அதாவது வீதி முழுவதிலிருந்தும் 90 பாகை தள்ளி இருக்கும் வடபுள்ளி, அந்தக் கணத்தில் சரியாக உச்சிப்புள்ளியில் நிற்கிறது. இரண்டு பெருவட்டங்கள் ஒரே வட்டமாகும் இடம். இதைவிடக் கறாரான சோதனை இந்த மாதிரிக்கு இல்லை: இரண்டு வளையங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாகவும், இரண்டும் ஒரே மட்டத்திலும் இருந்தால் சாய்வு, மையம், தாங்கி உயரம் எல்லாம் ஒரே நேரத்தில் சரி. என் வளையத்தில் வடக்கில் அரை மில்லிமீட்டர் தூக்கல் இருந்தது, கால் பாகை. கையால் செய்ததற்கு இது எனக்கு நிறைவு.

அந்தக் கணத்தைத் தாண்டி இம்மி அளவு திருப்பினால் வீதியின் கிழக்குப் பாதி முழுவதும் ஒரே மூச்சில் உதிக்கிறது. சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணினால் மகரம் முதல் மிதுனம் வரை ஆறு ராசிகள், ஒரே நேரத்தில். மற்ற ஆறும் எதிரே ஒன்றாக மறைகின்றன. நிலநடுவரைக்கு அருகில் ராசிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்று உதயமாகும் அதே பட்டைதான் இது.

இன்னொரு சோதனைக்கு, அச்சில் சுழலும் ஓர் அரைவட்டப் பட்டையைச் சேர்த்தேன். அதில் நடுவரை விலக்கத்தின் குறிகள் உண்டு. சூரிய வீதியில் எந்தப் புள்ளியின் மேலும் அதைக் கொண்டுவந்து வைத்தால், நடுவரையில் வல ஏற்றமும் பட்டையில் விலக்கமும் தெரியும். வீதியில் 30 பாகைக்கு வல ஏற்றம் 27.9, விலக்கம் 11.5. 60 பாகைக்கு 57.8, 20.2. 45 பாகையில் வல ஏற்றம் 42.5 மட்டுமே. இரண்டரைப் பாகை வித்தியாசம், என் நடுவரையில் 5 மி.மீ., நேரத்தில் 10 நிமிடம். சூரியன் வீதியில் ஒரே வேகத்தில் நடந்தாலும் நடுவரையில் அதன் நிழல் ஒரே வேகத்தில் நடக்காது. சூரிய கடிகாரமும் கைக்கடிகாரமும் ஆண்டு முழுவதும் ஒத்துப்போகாததற்கு இரண்டு காரணங்கள். பூமியின் பாதை நீள்வட்டம் என்பது ஒன்று. மற்றது இந்த 5 மி.மீ.

நட்சத்திரங்களும் பால்வீதியும்

வீதியை ஒட்டிய நட்சத்திரங்கள் நான்கை மட்டும் சேர்த்தேன். மகம் வீதியிலிருந்து அரைப் பாகை வடக்கே, பட்டையின் நடுக்கோட்டிலேயே கிட்டத்தட்ட. சித்திரை 2 பாகை தெற்கே, சரியாகப் பட்டையின் விளிம்பில். ரோகிணியும் கேட்டையும் முறையே ஐந்தரை, நாலரைப் பாகை தெற்கே இருப்பதால் சிறு கம்பி நாக்குகளின் நுனியில் மணியாக. இந்த நால்வரையும் நிலவு அவ்வப்போது மறைத்துப் போவது ஏன் என்று வீதியைப் பார்த்தாலே புரிகிறது.

இந்த மணிகளை ஒட்டவில்லை, கிளிப் போல மாட்டியிருக்கிறேன். காரணம் அயன சலனம். சம இரவுப் புள்ளி ஆண்டுக்கு 50.3 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) நகர்கிறது, ஏறக்குறைய 72 ஆண்டில் ஒரு பாகை. எந்த வளையத்தை எதோடு ஒட்டுவது என்ற கேள்வி இங்கே மறுபடி வருகிறது. நடுவரையும் சூரிய வீதியும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை, ஆனால் நட்சத்திரங்கள் அவற்றோடு ஒட்டப்பட்டவை அல்ல. நகர வேண்டியது மணிகள்: 72 ஆண்டுக்கு 2 மி.மீ., வீதியின் வழியாகக் கிழக்கு நோக்கி.

கடைசியாகச் சேர்த்த பெருவட்டம் பால்வீதியின் நடுவரை. செப்புக் கம்பி வளையம், ஆரம் 110. வான நடுவரையை 6 மணி 51 நிமிடத்திலும் 18 மணி 51 நிமிடத்திலும் வெட்டுகிறது, சாய்வு 62.9 பாகை. பூமியின் சுழற்சிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, சூரியனைச் சுற்றும் பாதைக்கும் தொடர்பு இல்லை. அப்படியிருந்தும் இக்காலத்தில் அது சூரிய வீதியை வெட்டும் இடங்கள் திருப்பப் புள்ளிகளுக்கு மிக அருகில் அமைந்திருக்கின்றன. இந்த வளையத்தை மட்டும் பசையில்லாமல் நூலால் கட்டினேன், மணிகளோடு சேர்த்து அதுவும் நகர வேண்டுமே.

மிச்சம் இருப்பது நிலவின் பாதை. சூரிய வீதிக்கு 5.1 பாகை சாய்வு மட்டுமே. 8 மி.மீ. பட்டையாகச் செய்தால் வெட்டும் இடத்தில் 18 செ.மீ. நீளத்துக்கு மேற்பொருந்தும், ஆகவே மெல்லிய கம்பிதான் வழி. சிக்கல் அதுவல்ல. வெட்டும் புள்ளிகள், அதாவது ராகுவும் கேதுவும், 18.6 ஆண்டில் ஒரு சுற்றுப் பின்னோக்கிப் போகின்றன, இந்த வீதியில் ஆண்டுக்கு 38 மி.மீ. ஆகவே கம்பியைக் கூண்டில் எங்கேயும் ஒட்ட முடியாது, சாய்வு மாறாமல் வீதியின் வழியாக முழுவதும் வழுக்க வேண்டும். சூரிய வீதிப் பட்டையின் உள்முகத்தில் ஓடும் நான்கு சிறு வழுக்கிகளை இப்போது தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்டுப் புள்ளிகளில் இரண்டு, வடகோடியிலும் தென்கோடியிலும் பக்கத்துக்கு 10 மி.மீ. தள்ளிப் பிடிக்கும் கையோடு இரண்டு. எலும்பு வளையங்களைத் தாண்டும் இடத்தில் அவை சிக்காமல் இருக்க, அங்கே உள்பக்கம் இன்னும் 3 மி.மீ. ஆழமாக அரம் போட வேண்டியிருக்கும்.